நன்றாக விழுந்த பக்கம்

போன வாரம் கடைக்கு முதல் ஜெராக்ஸ் மெஷின் வந்த கதையை எழுதியிருந்தேன். அதில் என் மனைவி தேன்மொழியைப் பற்றி இரண்டே வரிதான் வந்தது. பரீட்சைக்குப் படித்தாள் என்று எழுதியிருந்தீர்களே, அப்புறம் வேலைக்குப் போனாரா என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். போகவில்லை. ஏன் போகவில்லை என்பதை இந்த வாரமே எழுதிவிடுகிறேன். தள்ளிப்போட்டால் எழுத மாட்டேன், என்னை எனக்குத் தெரியும்.

பரீட்சை முடிவு வந்த நாள், மதியம் இரண்டு மணி இருக்கும். கீழ்வேளூர் தாலுகா ஆபீஸ் சாப்பாட்டுக்கு அடங்கிவிட்டதால் கடையில் ஆள் இல்லை. தேன்மொழி வயலிலிருந்து நேராக வந்திருந்தாள். புடவைக் கரையில் சேறு இன்னும் காயவில்லை. கையை முந்தானையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். தன் பதிவு எண்ணை ஒற்றை விரலால், ஒவ்வொரு எண்ணாக அடித்தாள்.

திரை சுற்றியது, நின்றது. தகுதி பெறவில்லை என்று வந்தது. ஒன்றரை மதிப்பெண் குறைவு.

அது அவளுடைய கடைசித் தடவை. அடுத்த அறிவிப்பு வரும்போது வயது வரம்பைத் தாண்டியிருப்பாள். அரசு நிறுவனம் ஒன்றில் எழுத்தர் வேலை. அந்த வேலைக்காகத்தான் தபால் வழியில் பட்டம் வாங்கினாள். அதற்காகத்தான் நாற்று பறித்துவிட்டு வந்து மதியத்தில் கணக்குப் போட்டாள். எங்கள் வயல் கடைமடையில் இருக்கிறது. மேட்டூரில் திறந்த தண்ணீர் எங்களிடம் வந்து சேர்வதற்குள் பாதிப் பயிர் பழுத்துக் காய்ந்துவிடும். வானத்தையும் வாய்க்காலையும் பார்க்காமல் மாதம் பிறந்தால் சம்பளம் வருகிற ஒரு பிழைப்பு வேண்டும் என்பாள். பெரிதாக வேறெதுவும் அவள் கேட்டதில்லை.

"விடைத்தாளும் போட்டிருக்காங்க. பிரிண்ட் எடுங்க" என்றாள்.

எடுத்தேன். திரையில் சரியான விடை பச்சையிலும் அவள் தொட்ட தவறான விடை சிவப்பிலும் இருக்கும். என் பிரிண்டருக்கு நிறம் தெரியாது, எல்லாம் சாம்பல். அதனால் ஒவ்வொரு கேள்வியாக விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே போனாள். கணக்குப் பகுதியில் ஓரிடத்தில் விரல் நின்றது.

நான் குனிந்து பார்த்தேன். 7 − |x − 3| > 2. அவள் போட்டிருந்தது முதல் விடை, −2-க்குக் கீழே அல்லது 8-க்கு மேலே; அவர்கள் சரி என்று சொன்னது இரண்டாவது, அந்த இரண்டுக்கும் நடுவே.

நான் நிமிர்ந்தேன். "தேனு, நீ போட்டதுதான் சரி. அவங்க விடையே தப்பு" என்றேன்.

"அப்படிங்களா" என்றாள். தாளைச் சுருட்டி வைத்துவிட்டு, "சோறு ஆறிப்போச்சு, சாப்பிடுங்க" என்றாள்.

கெட்டுப்போன தாள்கள்

நான் கணக்குப் படித்த விதத்தைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். பத்தாம் வகுப்போடு நின்றவன் நான். எனக்குப் பள்ளிக்கூடம் என் கடைதான்.

ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்திருப்பவனுக்கு ஊரின் வாய் முழுக்கக் காதில் விழும். ஒரு பெரியவர் தன் ஆதார் அட்டையில் இருந்த படத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "எல்லாம் இவனுக்குத்தான் குடுக்குறாங்களாம். இவன் யார்னே எனக்குத் தெரியல" என்றார். நாற்று நடவுக்குப் போகிற ஓர் அம்மா மெஷினின் வெளிச்சம் போவதையே பார்த்திருந்துவிட்டு, "இதுல மூஞ்சிய வச்சா மனசும் விழுமாய்யா" என்று கேட்டார். இதையெல்லாம் பழைய பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதி வைப்பேன். இந்தத் தொடரே அந்தப் பின்பக்கங்களிலிருந்து வந்ததுதான்.

பேச்சு அப்படிச் சேர்ந்தது. படிப்பு வேறு மாதிரிச் சேர்ந்தது. என் பழைய மெஷினில் மூன்று தாளுக்கு ஒரு தாள் கெட்டுப்போகும். ஓரம் கறுத்து வரும், நடுவில் கோடு விழும், சில நேரம் பாதிப் பக்கம் சாய்ந்துபோகும். வாடிக்கையாளருக்கு மறுபடி எடுத்துக் கொடுத்துவிட்டு, கெட்டதை மேஜைக்கு அடியில் போடுவேன். ஆள் இல்லாத நேரத்தில் அதை எடுத்துப் படிப்பேன். பத்திரம், மனு, கல்யாணப் பத்திரிகை, போட்டித் தேர்வுக் கைடு எல்லாம் அதில் இருக்கும். வட்டியும் விகிதமும் ரயில் கணக்கும் நான் கற்றது அந்தக் குவியலில்தான்.

அப்படித்தான் ஒரு கோடையில் நாகூர் ஹாஜா பாய் ஒரு கனத்த கைடைக் கொண்டுவந்தார். துபாயில் பல வருஷம் கடை வைத்திருந்துவிட்டு ஊரோடு வந்துவிட்டவர். மருமகள் பரீட்சை எழுதுகிறாள், முழுப் புத்தகமும் வேண்டும் என்றார். நாகூரில் இல்லாத கடையா என்று கேட்டேன். "அங்கன எடுத்தா அரை மணியில குடுத்துருவான் தம்பி. ஒங்க கடையில எடுத்தா ரெண்டு நாள் ஆவும். பேசிக்கிட்டு இருக்கலாம்" என்றார்.

ரெண்டு நாளும் பேசினோம். மெஷினும் அந்தக் கோடைச் சூட்டில் வழக்கத்தைவிட அதிகமாகக் கெடுத்துக்கொண்டே வந்தது. மட்டு மதிப்பு என்கிற பாடம் ஏழு தாள். அதில் ஆறு தாள் கெட்டுப்போய் என் மேஜைக்கு அடியில் வந்து சேர்ந்தது.

சின்னதுன்னா உள்ள, பெருசுன்னா வெளிய

மட்டு மதிப்பு என்றால் பயப்பட ஒன்றுமில்லை, தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் கீழ்வேளூரில் நிற்கிறேன். கிழக்கே நாகப்பட்டினம் பக்கம் ஐந்து கிலோமீட்டர் போனாலும் தூரம் ஐந்து. மேற்கே திருவாரூர் பக்கம் ஐந்து போனாலும் ஐந்துதான். எந்தத் திசை என்று அது கேட்பதில்லை. இரண்டு பக்கமும் நேர்க்கோடு போட்டு எழுதுகிற அந்தக் குறிக்கு அவ்வளவுதான் அர்த்தம்.

அதிலிருந்து அசமன்பாடு வரும். தூரம் ஐந்தை விடச் சின்னது என்றால் ஆள் இந்தப் பக்க எல்லைக்கும் அந்தப் பக்க எல்லைக்கும் உள்ளே எங்கோ இருக்கிறான். ஐந்தை விடப் பெரியது என்றால் இரண்டு எல்லைகளில் ஏதோ ஒன்றைத் தாண்டி வெளியே போய்விட்டான்.

அந்த ஆறு தாளிலும் இருந்த கணக்குகளை நானே போட்டுப் பார்த்தேன். எல்லாமே இந்த ஒரு வரியில் அடங்கியது. சின்னதுன்னா உள்ள, பெருசுன்னா வெளிய. குறியைப் பார், விடையைத் தொடு. தேன்மொழிக்குச் சொல்லிக் கொடுத்தேன். அவள் அதை நெல் குதிரின் மேல் சாக்பீஸால் எழுதிவைத்தாள். பரீட்சைக்கு விண்ணப்பம் போட வருகிறவர்களுக்கும் சொன்னேன். அவர்கள் அதைக் கைப்பேசியில் குறித்துக்கொண்டு போனார்கள். இரண்டொருவர் என்னை வாத்தியார் என்றுகூடக் கூப்பிட ஆரம்பித்தார்கள். பத்தாம் வகுப்போடு நின்றவனுக்கு அந்த வார்த்தை எப்படி இருக்கும் என்று நின்றவனுக்குத்தான் தெரியும். என்னைக் கெடுத்தது அந்த வார்த்தைதான் என்று இப்போது தோன்றுகிறது.

நாற்பது கிலோ மூட்டை

தேன்மொழி எதையும் சுலபத்தில் ஒப்புக்கொள்கிற மாணவி இல்லை. அந்தத் தாளில் ஒரு கணக்கு. மூட்டையின் எடை நாற்பது கிலோவிலிருந்து அரைக் கிலோவுக்கு மேல் மாறினால் அந்த மூட்டையைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எந்த எடையெல்லாம் திரும்பி வரும்?

அவள் முப்பத்தொன்பதரைக்குக் கீழே என்று மட்டும் எழுதி நிறுத்திவிட்டாள்.

"இன்னொரு பக்கம் எங்கே?" என்றேன்.

"எந்தப் பக்கம்?"

"நாப்பதரைக்கு மேல. அதுவும் திரும்பி வரும்ல?"

பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "கொள்முதல் நிலையத்துல நெல்லோட நின்னது நானா, நீங்களா?"

"நீதான்."

"கூட இருக்குன்னு எந்த மூட்டையத் திருப்பி அனுப்புனாங்க? கூட இருந்தா தராசுல நிக்கிறவர் முகத்தத் திருப்பிக்கிட்டு அடுத்த மூட்டைன்னுவாரு. கொறஞ்சாத்தான் பஞ்சாயத்து."

"இது கணக்கு தேனு. கணக்குல கூடினாலும் தப்புதான்."

"இதப் போட்டவரு ஒரு மூட்ட நெல்லு வித்ததில்ல" என்றாள்.

அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். எங்கள் பக்கத்தில் நெல் அறுக்கிற யாரிடம் கேட்டாலும் அந்த ஒற்றை விடைதான் வரும். ஆனால் அன்றைக்கு நான் வாத்தியார். "நான் சொல்றத மட்டும் எழுது. ஒன் அனுபவத்தக் கொண்டாந்து இதுல கலக்காத" என்றேன்.

பேனாவை மறுபடி எடுத்தாள். பிறகு நாற்பதரைக்கு மேல் என்றும் எழுதினாள். அந்தக் கணக்கில் நான் சொன்னது சரிதான். அது சரியாக இருந்ததுதான் பிறகு எல்லாவற்றுக்கும் வினையாகப் போனது. அதற்கப்புறம் அவள் என்னிடம் எதிர்க்கேள்வி கேட்பதைக் குறைத்துக்கொண்டாள். பாடம் ஏறுகிறது என்று நான் சந்தோஷப்பட்டேன்.

ஊரெல்லாம் சொன்ன கதை

முடிவு வந்த அந்த மதியத்துக்கு வருகிறேன்.

சாப்பிட்டு முடித்ததும் முதல் வேலையாக மனு எழுதினேன். ஊருக்கே மனு எழுதுகிறவன், என் வீட்டுக்கு எழுதமாட்டேனா. இரண்டு பக்கம். கேள்வியில் பெரியது என்ற குறி இருக்கிறது, ஆகவே விடை இரண்டு எல்லைகளுக்கும் வெளியேதான் இருக்க முடியும், தங்கள் விடை தவறு, என் மனைவிக்கு உரிய மதிப்பெண்ணைத் தரக் கோருகிறேன் என்று எழுதினேன். அந்த ஒரு கேள்வி சரியென்று ஆனால் இரண்டு மதிப்பெண் கூடும், தவறுக்குக் கழித்த அரையும் திரும்பும். குறைந்தது ஒன்றரைதானே.

கையெழுத்துக்காக அவளிடம் நீட்டினேன்.

"அனுப்பித்தான் ஆகணுமாங்க?" என்று கேட்டாள்.

"நம்ம உரிமைய நாம கேக்காம வேற யார் கேப்பா?"

போட்டாள். பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஒன்றரை மாதம் கழித்து ஒற்றை வரியில் பதில் வந்தது. விடை சரிபார்க்கப்பட்டது, மாற்றம் ஏதுமில்லை.

அதற்கப்புறம் ஒரு வருஷத்துக்கு மேல் கடைக்கு வந்தவர் யாரும் அந்தக் கதையைக் கேட்காமல் தப்பவில்லை. பட்டா நகல் எடுக்க வந்தவர், சாதிச் சான்றிதழுக்கு வந்தவர், பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறது என்று சும்மா நிழலுக்கு ஒதுங்கியவர் எல்லாரிடமும் சொன்னேன். தப்பான விடையை வைத்துக்கொண்டு என் மனைவியின் வேலையைப் பறித்துவிட்டார்கள் என்று சொன்னேன். மனுவின் நகலைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக் காட்டினேன். கேட்டவர்கள் உச்சுக்கொட்டினார்கள். தாலுகா ஆபீஸ் ஊழியர் ஒருவர், "ஒங்க வீட்டம்மாவுக்கு நேர்ந்தது யாருக்கும் நேரக்கூடாதுங்க" என்று டீயை வைத்துவிட்டுச் சொன்னார்.

அப்போதெல்லாம் தேன்மொழி பெரும்பாலும் கடையில்தான் இருப்பாள். தாள் அடுக்கிக்கொண்டிருப்பாள், பின் அடித்துக்கொண்டிருப்பாள். யாராவது அவள் பக்கம் திரும்பி, "ஏம்மா, அப்படியா நடந்துச்சு" என்று கேட்டால், "அவரு சொல்றாருல்ல" என்பாள்.

ஏழாவது தாள்

அடுத்த வருஷம் ஒரு மழைக்காலக் காலையில் ஹாஜா பாய் மறுபடி வந்தார். கையில் ஒரு கட்டு. நான் எடுத்துக் கொடுத்த அதே நகல், ஸ்பைரல் பைண்டிங் கொஞ்சம் பிய்ந்திருந்தது.

"மருமவ பாஸாயி திருச்சியில சேந்துட்டாளே தம்பி. இப்ப அவ தங்கச்சி கேக்குறா. இத வச்சே இன்னொரு செட்டு போட்டுருங்க" என்றார்.

அதற்குள் புது மெஷின் வந்துவிட்டது. அது எதையும் கெடுப்பதில்லை. கண்ணாடியில் வைத்து, மூடி, எடுத்து, திருப்பிக்கொண்டே இருந்தேன். பாய் எதிரே உட்கார்ந்து மீன் விலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். மட்டு மதிப்புப் பாடம் வந்தது. ஆறு தாளும் பழைய பழக்கம். ஏழாவது தாளைக் கண்ணாடியில் வைக்கப் போனபோது கை நின்றுவிட்டது.

அந்தப் பக்கத்தை நான் பார்த்ததே இல்லை.

மேலே தடித்த எழுத்தில் 'கவனிக்க' என்று போட்டிருந்தது. மட்டு மதிப்புக்கு முன்னால் கழித்தல் குறி இருந்தால் முதலில் அதை மறுபக்கம் கொண்டுபோக வேண்டும். அப்படிக் கொண்டுபோகும்போது பெரியது என்பது சின்னது ஆகிவிடும். ஆகவே விடை எல்லைகளுக்கு உள்ளேதான் இருக்கும். கீழே ஓர் எடுத்துக்காட்டு. எண்கள்தான் வேறு, மற்றபடி தேன்மொழிக்கு வந்த அதே கேள்வி.

அந்த ஆறு தாளும் கெட்டுப்போனதால் என்னிடம் தங்கியவை. ஏழாவது மட்டும் முதல் தடவையே சுத்தமாக விழுந்திருக்கிறது. சுத்தமாக விழுந்ததால் பாயோடு நாகூருக்குப் போய்விட்டது. நான் முழுப் பாடம் என்று நினைத்துப் படித்தது, ஊருக்குச் சொன்னது, குதிர் மேல் எழுத வைத்தது எல்லாம் என் மெஷின் கெடுத்த அளவுக்குத்தான். அந்த ஒரு வரியைக் கைப்பேசியில் குறித்துக்கொண்டு போனவர்கள் எத்தனை பேர், எந்தெந்த ஊரில் எந்தெந்த மேஜையில் உட்கார்ந்து அதை நம்பித் தொட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை.

"என்ன தம்பி, மெஷின் மாட்டிக்கிச்சா?" என்றார் பாய்.

"இல்ல பாய்" என்று பட்டனை அழுத்தினேன்.

மூன்று

கண்ணாடிக்கு அடியிலிருந்து மனுவை எடுத்துவிட்டேன். அந்தக் கதையைச் சொல்வதையும் நிறுத்திவிட்டேன். நிறுத்தினால் யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். நாலைந்து மாதம் அப்படியே ஓடியது. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டே தேன்மொழி கேட்டாள்.

"இப்பல்லாம் யார்கிட்டயும் அந்த விடை தப்புன்னு சொல்றதில்லையேங்க?"

கையைத் துடைத்துக்கொண்டு டிராயரைத் திறந்தேன். ஹாஜா பாயின் கைடிலிருந்து அந்த ஏழாவது தாளை எனக்கென்று கூடுதலாக எடுத்து அதில் வைத்திருந்தேன். எடுத்து அவளிடம் கொடுத்தேன். படித்தாள். முழுவதும் படிக்கக்கூட இல்லை, மேலே பார்த்துவிட்டு வைத்துவிட்டாள்.

"தப்பு என்னோடது தேனு. இந்தப் பக்கம் என்கிட்ட இல்ல. நான் சொல்லிக் குடுத்ததே அரைகுறை."

"தெரியும்" என்றாள்.

"எப்ப?"

"பரீட்ச அன்னைக்கே."

நான் விளங்காமல் பார்த்தேன். அவள் ஊறுகாயை என் பக்கம் நகர்த்திவைத்துவிட்டுச் சொன்னாள். "அந்தக் கணக்குல எக்ஸுக்கு மூணப் போட்டுப் பாத்தேன். கோட்டுக்குள்ள பூஜ்யம் ஆயிருச்சு. ஏழுல பூஜ்யம் போனா ஏழு. ஏழு ரெண்ட விடப் பெருசுதான? அப்ப மூணு விடையில இருக்கணும். மூணு உள்ளதான் இருக்கு, வெளிய இல்ல. அப்புறம் பத்தப் போட்டேன். பத்து வெளிய இருக்கு. அதுக்கு ஏழுல ஏழு போயி பூஜ்யம் வந்துச்சு. பொருந்தல."

இதைவிடத் தெளிவாக அந்தக் கைடுகூடச் சொல்லவில்லை.

"பின்ன ஏன் ரெண்டாவதத் தொடல?" என்று கேட்டேன்.

"தொடத்தான் போனேன். அப்புறம் நீங்க சொன்னது ஞாபகம் வந்துச்சு. பெருசுன்னா வெளிய. ரொம்ப நேரம் உக்காந்து யோசிச்சேங்க. நான் தப்பா, நீங்க தப்பான்னு." தட்டில் சோற்றைப் பிசைந்தாள். "எந்த நெல்லு போடுறதுல இருந்து பாப்பாவ எந்தப் பள்ளிக்கூடத்துல சேக்குறதுங்குற வரைக்கும் பதினாலு வருஷமா நம்ம வீட்டுல நீங்க தப்புன்னு ஒருநாளும் ஆனதில்லையே. அதான் மொதல் விடையத் தொட்டேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். இன்றைக்கு என்ன குழம்பு என்று சொல்கிற குரலில் சொன்னாள்.

"ஒரு வருஷமா ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே. அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா கேட்டிருப்பீங்களா?"

கேட்டிருப்பேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். பொய் சொல்லப்போகிறேன் என்று அவளுக்கும் தெரிந்தது. கடை வாசலில் யாரோ வந்து நின்று கனைத்தார்கள். தேன்மொழி கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனாள். அந்த வருஷத்து எழுத்தர் தேர்வுக்கு விண்ணப்பம் போட வந்த ஒரு பெண். தேன்மொழி உட்கார்ந்து, பிறந்த தேதியைக் கேட்டு வாங்கி, வயது வரம்புக்குள் இருக்கிறதா என்று பார்த்து, "இருக்கும்மா, போடலாம்" என்று சொல்லிவிட்டு அடிக்கத் தொடங்கினாள்.